வளர்ப்பவர் கையும் வல்லூற்றின் கண்ணும்

புறா ஒன்று சிறகடித்து எழும்பும்போது அதன் பின்முதுகைப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, சிறகை மடித்து உட்கார்ந்திருக்கையில் கண்ணில் படாத பகுதி அது. அங்கே பளிச்சென்று வெள்ளை தெரிந்தால், அந்தப் பறவையின் முன்னோர் வரிசையில் எங்கோ ஒரு மேற்கத்தியப் புறா இருந்திருக்க வாய்ப்புண்டு. முதுகின் சாம்பல் நீலமே வால்வரை ஓடினால் அது பெரும்பாலும் இந்தப் பக்கத்து இரத்தம். ஐரோப்பாவின் காட்டு மாடப்புறாவுக்குப் பின்முதுகு வெள்ளை. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் மாடப்புறாவுக்கு அது சாம்பல். இனம் ஒன்றுதான், முதுகுதான் இரண்டு.

இலங்கை மலைநாட்டின் பண்டாரவளைக் கடைத்தெருவில் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றால் இரண்டு வகை முதுகும் கண்ணில் படக்கூடும். கூரைப் புறாக்களோடு வீட்டுப் புறாக்களும் கலந்து பறக்கும் ஊர் இது. சுற்றுவட்டாரத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் லயத்தின் கோடிப்புறத்தில் கோழிக்கூட்டுக்கு மேலே பலகைப் பெட்டி அடித்து நாலு சோடி புறா வளர்க்கிற பிள்ளைகள் எந்தக் காலத்திலும் இருக்கிறார்கள். குரக்கனும் சோளனும் பயறும் தீனி. தூரத்திலிருந்தும் வீடு திரும்பும் ஹோமரில் ஒரு சோடியைச் சம்பளக் காசில் வாங்குகிறவரும் உண்டு, விசிறி வால் லக்காவுக்காக வேறொரு தோட்டத்துக்கு பஸ் ஏறுகிறவரும் உண்டு. கர்ணம் போடும் புறாவுக்கு ஒரு கூட்டம், கொண்டைப் புறாவுக்கு ஒரு கூட்டம். நீங்கள் செய்வது மரபியல் பரிசோதனை என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் டார்வின் தன் பெரிய புத்தகத்தின் முதல் அதிகாரத்தில் எடுத்துக்கொண்டது இந்த வேலையைத்தான்.

‘உயிரினங்களின் தோற்றம்’ 1859இல் வெளிவந்தது. அதற்கு முன் கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்த்த விட்வெல் எல்வின் என்ற பத்திரிகை ஆசிரியர் பதிப்பாளருக்கு ஒரு யோசனை சொன்னார்: இந்த மனிதர் புறாக்களைப் பற்றி மட்டும் எழுதினால் போதும், புறா என்றால் எல்லோருக்கும் ஆசை. டார்வின் கேட்கவில்லை. ஆனாலும் அவர் புறாவை விளையாட்டாகத் தொட்டவரல்ல. 1855இலிருந்து வீட்டிலேயே கூடு கட்டி, கிடைத்த வகையையெல்லாம் வாங்கி வளர்த்தார். லண்டன் புறாச் சங்கங்கள் இரண்டில் சேர்ந்து, வளர்ப்பவர்களோடு பேசினார். உலகின் பல மூலைகளுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதங்களில் ஒன்று சென்னைக்கு வந்தது. அங்கே அரசுப் பணியில் இருந்த வால்டர் எலியட், அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்தவர் என்றும் தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதியவர் என்றும் நம்மில் சிலருக்குத் தெரிந்த பெயர். புறா வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு. தென்னிந்தியப் புறாக்களின் பதப்படுத்திய தோல்களை டார்வினுக்கு அனுப்பிவைத்தவர் அவர். 1770இல் இறந்த ஒருவர் பாரசீக மொழியில் எழுதிய புறா நூல் ஒன்றின் மொழிபெயர்ப்பையும் சேர்த்துத் தந்தார். நன்றியோடு டார்வின் தன் நூலில் அவர் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார். இந்தியப் புறாவின் பின்முதுகு நீலம், ஐரோப்பியப் புறாவின் பின்முதுகு வெள்ளை என்ற வித்தியாசமும் அதன் முதல் அதிகாரத்தில் வருகிறது.

டார்வினைக் குடைந்த கேள்வி இது. லக்காவின் வாலில் முப்பதுக்கு மேல் இறகு இருக்கலாம், சாதாரணப் புறாவுக்குப் பன்னிரண்டு. ஒன்றுக்கு அலகு கட்டை, இன்னொன்றுக்கு நீளம். ஒன்று தொண்டையை ஊதிப் பலூனாக்குகிறது. காட்டில் பிடித்திருந்தால் பறவையியலாளர் இவற்றைத் தனித்தனி இனம் என்றே எழுதிவைத்திருப்பார். இவை அனைத்தும் ஒரே காட்டு மாடப்புறாவிலிருந்து வந்தவையா?

அவர் செய்த சோதனையை ஒரு தோட்டத்துப் பையனும் செய்யலாம். முழு வெள்ளை லக்காவை முழுக் கறுப்பு பார்ப் வகையோடு சோடி சேர்த்தார். குஞ்சுகள் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாக வந்தன. பார்ப் வகையை நெற்றிப் பொட்டுள்ள வேறொரு வெள்ளை வகையோடும் சோடி சேர்த்தார். அந்தக் கலப்புக் குஞ்சையும் முதல் கலப்புக் குஞ்சையும் மறுபடி கலந்தார். பேரக்குஞ்சுகளில் ஒன்று நீலமாக வந்தது. வெள்ளைப் பின்முதுகு, சிறகில் இரண்டு கறுப்புப் பட்டி, வால் நுனியில் ஒரு பட்டி என அச்சு அசலான காட்டு மாடப்புறா. பாட்டன் பாட்டி எவருக்கும் அந்த நீலம் இல்லை. வெளியே தெரியாத ஒன்று உள்ளே ஒளிந்திருந்து தலைமுறை தாண்டி எழுந்து வந்தது. அது என்ன என்று டார்வினுக்குத் தெரியாது. மெண்டலின் பட்டாணிக் கணக்கு 1866இல் அச்சாகியும் உலகம் அதை 1900வரை கவனிக்கவில்லை.

அந்த மாடப்புறாவின் உறவுகள் நமக்குத் தூரமில்லை. திருகோணமலையில் நிலாவெளிக் கரைக்கு எதிரே கடலில் நிற்கும் புறாத்தீவுக்கு அந்தப் பெயர் வந்ததே அங்கே பாறை இடுக்குகளில் கூடு கட்டும் மாடப்புறாக்களால்தான். 2003இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளப் பாறை பார்க்கப் போகிறவர்கள் ஒரு தடவை மேலேயும் பார்க்கலாம். பாறை விளிம்பில் கூடு கட்டிப் பழகிய பறவைக்கு மனிதன் கட்டிய மாடமும் கோபுரமும் கூரை இடுக்கும் இன்னொரு பாறைதான். பழக்குவது சுலபமாக இருந்ததற்கு அது ஒரு காரணம். சோடி சேர்ந்தால் பெரும்பாலும் பிரியாது என்பது இன்னொரு காரணம். ஒரே கூட்டில் நாலு வகையை வைத்தாலும், சோடி போட்டுவிட்ட பிறகு வகை கலக்காமல் காக்கலாம். பசு, ஆடு வளர்க்கிறவருக்கு இல்லாத வசதி. போதாக்குறைக்கு இரண்டு முட்டை, பதினெட்டு நாள் அடை, குஞ்சு ஒரு மாதத்தில் பறக்கத் தயார். ஒருவருடைய ஆயுளில் எத்தனையோ தலைமுறைப் புறாவைப் பார்த்துவிடலாம்.

பார்த்தவர்களில் அரசர்களும் உண்டு. அக்பரின் அரசவையோடு இருபதினாயிரம் புறாக்கள் பயணம் செய்தன என்று அவருடைய வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதிவைத்திருக்கிறார். வகைகளைக் கலந்து புதியவை உண்டாக்குவதில் அக்பருக்கு அலாதிப் பிரியம். அந்தப் பட்டியலில் லோட்டன் என்ற ஒரு வகை வருகிறது. கையில் எடுத்து மெல்லக் குலுக்கித் தரையில் விட்டால், யாராவது தூக்கி முகத்தில் ஊதும்வரை அது குட்டிக்கரணம் போட்டுக்கொண்டே இருக்கும். பறக்கிற பறவையைத் தரையில் உருள வைக்கும் அளவுக்குப் போயிருக்கிறது மனிதரின் ரசனை. எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. ஆனால் மரபு எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வானத்தில் கர்ணம் போடும் புறாவும் அந்த வழிதான். கர்ணம் போடாத வகையோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் அந்தக் குணம் மறைந்துவிடும், பிறகு வரும் தலைமுறையில் சில பறவைகளில் திரும்பும். ஒன்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் சேர்ந்து செய்கிற வேலை அது. குஞ்சு பறக்கத் தொடங்கிய உடனே கர்ணம் வராது. சில மாதம் பறந்து, உடம்பு முற்றிய பிறகே தலை பின்னால் சாயத் தொடங்கும். அதையே விடாமல் கூட்டிக்கொண்டு போனதில், மேலை நாடுகளில் வளர்க்கப்படும் ஒரு வகை எழும்பிப் பறக்கவே முடியாமல் தரையில் உருள்கிறது.

ஒளிந்திருந்தது என்ன என்ற டார்வினின் கேள்விக்குப் பதில் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வரிசையாக வந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷப்பிரோவின் ஆய்வுகூடம் 2013இல் புறாவின் முழு மரபணுத்தொகுதியை வெளியிட்டது. ஏறத்தாழ 110 கோடி எழுத்துகள், பதினேழாயிரத்துச் சொச்சம் மரபணுக்கள். ஆனால் அந்தக் கட்டுரையில் எல்லோரும் பேசியது கொண்டையைப் பற்றி.

கொண்டைப் புறாவின் கழுத்து இறகுகள் கீழ்நோக்கி வளராமல் மேல்நோக்கித் திரும்பி நிற்கின்றன. ஒரு வகைக்குச் சின்னக் கூர்க் கொண்டை, இன்னொன்றுக்குச் சிப்பிபோல் விரிந்த கொண்டை, ஜாக்கோபின் வகைக்கு முகத்தையே மூடும் முக்காடு. பல நாடுகளில் பல வகையில் இருப்பதால் தனித்தனியே தோன்றியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சோதித்தபோது, ஆராய்ந்த கொண்டை வகை எல்லாவற்றிலும் ஈ.பி.எச்.பி.2 என்ற ஒரே மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருந்தது. அந்த விகாரம் ஒருமுறைதான் நடந்திருக்கிறது. பிறகு கை மாறி, சந்தை மாறி, கப்பல் ஏறி உலகம் சுற்றியிருக்கிறது. முட்டைக்குள் கருவாக இருக்கும்போதே கழுத்துப் பக்கத்து இறகு முளைகள் திசை மாறிவிடுகின்றன. சிப்பியா முக்காடா என்பதைத் தீர்மானிப்பவை வேறு மரபணுக்கள்.

கொண்டை பின்னிடைவான குணம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். அதனால் கொண்டையில்லாத சோடிக்கு ஒரு நாள் கொண்டைக் குஞ்சு பொரிக்கலாம். பக்கத்து வீட்டு ஆண் புறாவைச் சந்தேகிக்க வேண்டாம். அந்தச் சோடி இரண்டுமே ஒவ்வொரு பிரதியை மறைத்து வைத்திருந்திருக்கின்றன. ஆனால் கொண்டையுள்ள இரண்டுக்குக் கொண்டையில்லாத குஞ்சு வந்தால் சந்தேகிக்கலாம்.

நிறம் இன்னும் ருசியான விஷயம். 2014இல் அதே கூடம் மூன்று மரபணுக்களைப் பிடித்தது. புறாவின் அடிப்படை நிறம் மூன்று: நீலக் கறுப்பு, பழுப்பு, சாம்பற்சிவப்பு. மூன்றையும் தீர்மானிப்பது டி.வை.ஆர்.பி.1 என்ற ஒரே மரபணுவின் மூன்று வடிவங்கள். பசிபிக் கடலின் சொலமன் தீவுகளில் கருமேனி மக்கள் சிலருக்குப் பொன்னிறத் தலைமுடி இருப்பதற்கும் இந்த மரபணுவில் நடந்த ஒரு மாற்றமே காரணம் என்று 2012இல் கண்டார்கள். இந்த மரபணு இருப்பது பால் நிறமூர்த்தத்தில். மனிதரில் ஆணுக்கு இரண்டு விதமான பால் நிறமூர்த்தம், பறவையில் பெட்டைக்குத்தான் இரண்டு விதம். ஆண் புறாவுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. அதனால் பெட்டைக் குஞ்சு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்துதான் பெறும்.

இதை வைத்து ஒரு வேடிக்கை செய்யலாம். தூய நீல ஆணையும் சாம்பற்சிவப்புப் பெட்டையையும் சோடி சேர்த்தால், ஆண் குஞ்சுகளெல்லாம் தாயின் சிவப்பில் வரும், பெட்டைக் குஞ்சுகளெல்லாம் தகப்பனின் நீலத்தில் வரும். புறாக்குஞ்சில் ஆண் பெண் பிரிப்பது அனுபவசாலிக்கே கஷ்டம். இந்தச் சோடியில் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். வளர்ப்பவர்கள் பலர் காரணம் தெரியாமலே இதைக் கையாண்டு வந்திருக்கிறார்கள்.

இன்னொரு சிவப்பும் இருக்கிறது. செங்கல் நிறத்தில் தலைமுதல் வால்வரை ஒரே மாதிரி இருக்கும் அடர்சிவப்பு. சொக்ஸ்10 என்ற மரபணுவை முடுக்கிவிடும் ஒரு துண்டு அழிந்துபோனதால் வருவது. இது இரட்டைப் பிரதியாக வந்துவிட்டால் கீழே நீலமா பழுப்பா என்ற கேள்வியே எழாது, எல்லாவற்றையும் மூடிவிடும். இரண்டு சிவப்புப் புறாக்கள் வெளியே ஒன்றுபோல் இருந்தும் உள்ளே வேறு வேறாக இருக்கலாம் என்பது இதனால்தான். டார்வினின் வெள்ளையும் கறுப்பும் நீலத்தை மூடிவைத்திருந்ததும் இதே வகைச் சங்கதி. மூடி கழன்றதும் அடியிலிருந்த காட்டு நிறம் தெரிந்தது.

காலில் சிறகு முளைத்த புறாவைப் பார்த்திருக்கிறீர்களா? சில வகைகளில் விரல்வரை பெரிய இறகுகள் விசிறியாக நிற்கும். நடக்கத் தடுமாறும் அளவுக்கு வளரும். கருவில் காலைக் காலாக வளர்க்கும் மரபணு பிட்எக்ஸ்1, கையைக் கையாக (பறவையில் சிறகாக) வளர்க்கும் மரபணு டி.பி.எக்ஸ்5. இந்தப் புறாக்களின் கால் முளையில் முதலாவது தணிந்து, இரண்டாவது தவறான இடத்தில் எழும்புகிறது என்று 2016இல் காட்டினார்கள். கால் கொஞ்சம் சிறகாகிவிடுகிறது. இறகில் மட்டுமல்ல, எலும்பிலும் தசையிலும்கூட அந்தச் சாயல் தெரிகிறது. இறகுக்கால் புறாவின் வெளி விரல்களுக்கிடையில் தோல் இருப்பதை டார்வின் அன்றே கவனித்து, இரண்டு குணமும் ஏன் சேர்ந்தே வருகின்றன என்று யோசித்திருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது சிறகுக் கோலத்தின் கதை. காட்டு மாடப்புறாவின் சிறகில் இரண்டு கறுப்புப் பட்டி. கூரைப் புறாக்கள் பலவற்றில் பட்டிக்குப் பதில் சிறகு முழுக்கக் கறுப்புப் புள்ளி தெறித்திருக்கும். 2018இல் வெளிவந்த ஆய்வு அந்தப் புள்ளிக் கோலத்துக்குரிய மரபணுத் துண்டைத் தேடிப்போனது. அது மாடப்புறாவின் சொந்தச் சொத்து அல்ல. ஆப்பிரிக்காவில் வாழும் கினிப்புறா என்ற வேறு இனத்திலிருந்து வந்தது. மாடப்புறா வீட்டுப் பறவையான பிறகு, எங்கோ ஒரு கூட்டில் இரண்டு இனமும் கலந்திருக்கின்றன. அந்தத் துண்டின் பிரதிகள் கூடக்கூடச் சிறகு கறுக்கிறது. பட்டியே இல்லாத புறாக்களில் இதே இடத்து மரபணு பழுதாகியிருக்கிறது. அவற்றுக்குக் கண்பார்வை மட்டம் என்று வளர்ப்பவர்கள் ஏற்கனவே சொல்லி வந்தார்கள். மனிதரில் இந்த மரபணு பழுதானால் பிறவிக் குருடு வருகிறது என்பதைக் கேட்கும்போது அந்த அனுபவச் சொல்லுக்கு மதிப்புக் கூடுகிறது.

ஆக ஒரு லயத்துக் கூரையில் உட்கார்ந்திருக்கும் புள்ளிச் சிறகு, கொண்டை, வெள்ளைப் பின்முதுகு உள்ள சாதாரணப் புறா ஒன்றில் ஆப்பிரிக்காவும் மேற்கும் சேர்ந்திருக்கலாம். அதன் சொந்தக்காரர் அதற்குக் கொடுத்தது இருநூறோ முந்நூறோ ரூபாய்.

இவ்வளவும் வளர்ப்பவர் கை செய்தது. இடம் என்ன செய்கிறது?

தேயிலையைப் பாருங்கள். டி.ஆர்.ஐ. 2025 என்ற கன்று வகை தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தந்தது. வெட்டிய தண்டிலிருந்து வளர்ப்பதால் ஒவ்வொரு செடியும் மற்றதன் அச்சுப் பிரதி. திம்புளையில் நட்டாலும் ஊவாவில் நட்டாலும் மரபணுவில் எழுத்து வித்தியாசம் கிடையாது. ஆனால் ஜூலை முதல் செப்டெம்பர்வரை மலையிறங்கி வரும் வறண்ட காற்று பட்டதும், ஊவாத் தேயிலையில் மெத்தில் சலிசிலேற்று என்ற வாசனைப் பொருள் ஏறுகிறது. கொழும்பு ஏலத்தில் விலையும் ஏறுகிறது. எழுத்து மாறவில்லை, அதே எழுத்தைச் செடி வாசிக்கும் விதம் மாறுகிறது.

புறாவைத் தண்டு வெட்டி வளர்க்க முடியாது. ஆனால் கிட்டத்தட்ட அப்படியொரு சோதனையை ஜெர்மனியில் செய்தார்கள், 2008இல் அதன் முடிவு வெளிவந்தது. ஒரே கூட்டில் ஒரே மாதிரித் தீனியில் வளர்ந்த ஹோமர் குஞ்சுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வெளியே பறந்து, தூரத்திலிருந்து வீடு திரும்பிப் பழகியது. மற்றது கூட்டைவிட்டு வெளியே வரவில்லை. பிறகு மூளையை அளந்தபோது, இடத்தை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி, பறந்து பழகியவற்றில் ஒப்பளவில் பெரிதாக இருந்தது. மற்ற வகைப் புறாக்களோடு ஒப்பிட்டால் ஹோமருக்கு அந்தப் பகுதி பெரிது என்பதும் தெரிந்த சங்கதி. பல தலைமுறைத் தேர்வு கொடுத்தது ஒரு பங்கு, வானம் கொடுத்தது இன்னொரு பங்கு. நல்ல இரத்தம் என்று பெருவிலை கொடுத்து வாங்கிய ஹோமரைக் கூண்டிலேயே வைத்திருக்கிறவர் பாதிக் காசைத் தொலைத்தவர்.

ஹோமரின் திறமையை இலங்கை வெகு காலத்துக்கு முன்பே காசாக்கியது. 1850களில் ஐரோப்பியக் கப்பல்கள் வந்து நின்றது காலித் துறைமுகத்தில், பத்திரிகை அச்சானது கொழும்பில். இடையே எழுபது மைலுக்கு மேல். கப்பல் கொண்டுவந்த செய்தியைச் சுருக்கி எழுதிப் புறாவின் காலில் கட்டிக் காலியிலிருந்து பறக்கவிட்டது ‘சிலோன் ஒப்சேவர்’ பத்திரிகை. குதிரைத் தபாலை முந்திச் செய்தி வந்தது. 1858இல் தந்திக்கம்பி வந்ததும் புறாக்களுக்கு வேலை போயிற்று.

அந்தப் பாதை கடற்கரையோரம். மலையில் கதை வேறு. வெயில் நாளில் புறா சூரியனைத் திசைகாட்டியாக வைத்துப் பறக்கிறது. மேகம் மூடிய நாளில் பூமியின் காந்தத்தை நம்புகிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் கீட்டன் 1971இல் புறாக்களின் முதுகில் சிறு காந்தத்தை ஒட்டிப் பறக்கவிட்டார். வெயிலில் பெரும்பாலும் சரியாகத் திசை பிடித்த பறவைகள் மேகமூட்டத்தில் தடுமாறின. ஹப்புத்தளைக் கணவாயில் பகல் பதினொரு மணிக்கே மூடுபனி ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு, மலைநாட்டு ஹோமருக்கு இந்த இரண்டாவது திசைகாட்டி எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தது அடுத்த தலைமுறைக்குத் தகப்பனாகிறது. வராதது ஆவதில்லை. மனிதர் கூட்டுக்குள் தேர்ந்தெடுக்கிறார், மூடுபனி கூட்டுக்கு வெளியே தேர்ந்தெடுக்கிறது.

வல்லூறும் தேர்ந்தெடுக்கிறது. நம் மலைப்பாறைகளில் வாழும் ஷாஹீன் வல்லூறு உலகெங்கும் உள்ள பெரெக்ரின் வல்லூற்றின் உள்ளூர் வடிவம். புறாவுக்கு அதைவிடப் பெரிய எமன் இல்லை. கலிபோர்னியாவில் பல ஆண்டு கவனித்து 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, வெள்ளைப் பின்முதுகுடைய காட்டு நிறப் புறாக்கள் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தும், வல்லூற்றிடம் சிக்கியவற்றில் அவை நூற்றுக்கு இரண்டு அளவுதான். மேலிருந்து பாயும் வல்லூறு நெருங்கும் கணத்தில் புறா தோளைச் சாய்த்துச் சுருண்டு விலகுகிறது. அப்போது பளிச்சிடும் வெள்ளை, வேட்டையாடியின் கண்ணை ஒரு நொடி ஏமாற்றிவிடுகிறது. இதை உறுதிப்படுத்த ஆய்வாளர்கள் செய்தது அழகான வேலை. வெள்ளை முதுகிலும் நீல முதுகிலும் இறகை மாற்றி ஒட்டினார்கள். பாதுகாப்பும் அதோடு இடம் மாறியது. அளவும் வேகமும் இரண்டாம் பட்சம், கைப்பிடி அளவு வெள்ளை இறகு உயிரைக் காத்தது. நம் பக்கத்துச் சொந்த மாடப்புறாவுக்கு அந்த வெள்ளை இல்லை. அதனால் கலிபோர்னியக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து போட முடியாது.

இப்படி இடத்துக்கு இடம் கணக்கு மாறுவதற்கு இன்னொரு உதாரணம் இங்கிலாந்தின் மான்செஸ்டர். அங்கே கறுத்த புறாக்கள் குளிர்காலத்திலும் இனப்பெருக்கத்தை நிறுத்துவதில்லை என்று 1970களில் கண்டார்கள். குளிர்காலப் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும் ஊரில் அது பெரிய இலாபம், அதனால் கறுப்பு பெருகும். பண்டாரவளை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்கும் குறைவு. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. எந்த நிறப் புறாவானாலும் ஆண்டு முழுவதும் அடை வைக்கும். மான்செஸ்டரில் கறுப்பைத் தூக்கிவிட்ட அந்தக் காரணம் இங்கே செல்லாது. பாரிஸில் வேறொன்று கண்டார்கள்: கறுத்த இறகு அதிகமாகத் துத்தநாகத்தை உடம்பிலிருந்து இழுத்து வைத்துக்கொள்கிறது, உலோகத் தூசு நிறைந்த நகரத்தில் அது உதவக்கூடும். தேயிலை மலையில் அந்தத் தூசு எங்கே? புறாவின் ஒரு குணம் நல்லதா கெட்டதா என்று ஊர் பேர் சொல்லாமல் கேட்டால் பதிலே கிடையாது.

மனிதர் கையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஊருக்கு ஊர் சாட்சி கூரையில் இருக்கிறது. தப்பிப்போன, கைவிடப்பட்ட வீட்டுப் புறாக்களின் சந்ததிதான் நகரப் புறாக்கள். அமெரிக்க நகரப் புறாக்களை 2012இல் சோதித்தபோது அவற்றின் நெருங்கிய உறவு பந்தய ஹோமர் என்று தெரிந்தது. வழி தவறி வீடு திரும்பாதவை நகரத்தில் குடியேறிவிட்டன. ஊதிய தொண்டையும் முக்காடும் அங்கே காணோம். கட்டை அலகுப் புறா தன் குஞ்சுக்குக்கூடச் சரியாக ஊட்ட முடியாது, வளர்ப்பவர் வேறு சோடியை வளர்ப்புத் தாய் தகப்பனாக வைக்கிறார். முட்டையோட்டை உடைக்கவும் அந்தக் குஞ்சுகளுக்கு மனிதக் கை வேண்டியிருந்ததை டார்வினே எழுதியிருக்கிறார். அலகைக் கட்டையாக்கும் மரபணு ஆர்.ஓ.ஆர்.2 என்று 2021இல் தெரிந்தது. அழகுக்காக நாம் எழுதிய எழுத்துக்கு நாமே காவல் நிற்க வேண்டும். காவல் போனால் இரண்டு தலைமுறை தாங்காது.

தோட்டத்துக் கூடுகளுக்கு உள்ள பெரிய ஆபத்து வல்லூறு அல்ல, கூட்டின் சிறுமை. நாலு சோடியில் தொடங்கி, அண்ணன் தங்கை, தாய் மகன் என்று அதற்குள்ளேயே சோடி சேர்ந்துகொண்டு போனால், மறைந்திருந்த பின்னிடைவான குறைகளெல்லாம் இரட்டைப் பிரதியாக வெளியே வரும். முட்டை கூழாகும், குஞ்சு நோஞ்சானாகும். அந்தக் கட்டத்தில் இரத்தம் மாற்ற வேண்டும் என்று பழைய வளர்ப்பாளர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் எந்தப் புறா எதன் பிள்ளை என்று தெரியாமல் இரத்தத்தை மாற்றுவது எப்படி? லயத்துக்கு லயம் கைமாறும் புறாக்கள் பல வேளை ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகளாகவே இருக்கின்றன.

இதற்கு ஆய்வுகூடம் வேண்டாம், ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும். குஞ்சுக்கு ஒரு கிழமை ஆனதும் காலில் இலக்கமிட்ட வளையம் போடுங்கள். கொப்பியில் வளைய இலக்கம், பொரித்த திகதி, தாய், தகப்பன், நிறம், சிறகில் பட்டியா புள்ளியா, கொண்டை உண்டா இல்லையா, பின்முதுகு வெள்ளையா சாம்பலா என்று எழுதுங்கள். காணாமல் போனவற்றையும் எழுதுங்கள், அன்று மூடுபனியா வெயிலா என்பதையும் சேர்த்து. பக்கத்துத் தோட்டத்தில் வளர்ப்பவரும் அப்படி எழுதினால், புறா மாற்றிக்கொள்ளும்போது இரண்டு கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, உறவில்லாத சோடியைத் தெரிந்தெடுக்கலாம். யூட்டா ஆய்வுகூடத்துக்கு இரத்தமும் இறகும் கொடுத்தவர்கள் பெரும்பாலும் புறாக் கண்காட்சிகளுக்கு வந்த சாதாரண வளர்ப்பாளர்களே.